கித்தாப் பாலும் ஆணுறையும்: பேராக்கில் கருத்தடை அறிவும் ஆண்களின் பொறுப்பும்

பொருளும் எல்லையும்

ஒரு கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருத்தல், அதன் பயனையும் கையாளும் முறையையும் சரியாக அறிந்திருத்தல், வேண்டிய வேளையில் அதைத் தவறாமல் பயன்படுத்துதல் ஆகியவை மூன்று தனித்தனிப் படிகள் என்பதும், முதற்படியில் நிற்போர் எல்லாரும் மூன்றாம் படியை எட்டிவிடுவதில்லை என்பதும் பொதுச் சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டறிந்த உண்மைகள். இந்த இடைவெளி மிகத் தெளிவாகப் புலப்படும் பொருள்களுள் ஆணுறை ஒன்று. உடலுறவின்போது ஆண் அணிந்துகொள்ளும் மெல்லிய இரப்பர் உறையாகிய இது, விந்து பெண்ணின் உடலுக்குள் செல்வதைத் தடுத்துக் கருவுறுதலைத் தவிர்க்கிறது. அதே வேளையில் எச்.ஐ.வி., மேகவெட்டை, மேகப்புண் முதலிய பால்வினை நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவுவதையும் பெருமளவு தடுக்கிறது. கருத்தடை, நோய்த்தடுப்பு என்னும் இரண்டு பணிகளையும் ஒருசேரச் செய்யும் முறை உறையைத் தவிர வேறில்லை.

பேராக் மாநிலத்தில், குறிப்பாக ஈப்போ நகரிலும் அதைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த சமூகங்கள் இந்தக் கருவியை எவ்வாறு அறிந்தன, எந்த அளவில் ஏற்றன, ஏன் சில சமூகங்கள் வேறு வழிகளைத் தேர்ந்தன என்பதே இச்சொற்பொழிவின் பொருள். மலாய், சீன, தமிழ்ச் சமூகங்கள் மூன்று வேறு வழிகளில் கருத்தடையை ஏற்றன என்பதும், தமிழ்ச் சமூகம் ஏற்ற வழி பெரும்பாலும் பெண்ணின் உடல் மீதே சுமத்தப்பட்டது என்பதும், அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் அறிவை வளர்ந்த ஆண்களிடம் கொண்டுசேர்ப்பதே இன்றைய கடமை என்பதும் இங்கு நிறுவப்படும்.

பால் மரம் வந்த வரலாறு

ஆணுறையின் மூலப்பொருள் பேராக்கிற்குப் புதியதன்று. பிரேசில் நாட்டு இரப்பர் விதைகள் 1876ஆம் ஆண்டு இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கு முளைத்த நாற்றுகள் மறு ஆண்டு சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் சில அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் இல்லத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்த முதல் தலைமுறை மரங்களுள் ஒன்று கோலகங்சாரில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், தாப்பா, தெலுக் இந்தான், பாகான் செராய் வட்டாரங்களில் கித்தா எனப்படும் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து விரிந்தபோது, விடிவதற்கு முன்பே பெரட்டு என்னும் வருகைக் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, மங்கு என்னும் கிண்ணத்தில் வடிந்த பாலை வாளிகளில் சுமந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் ஆண்களும் பெண்களும் ஆவர்.

மரத்திலிருந்து வடியும் பாலில் மூன்றில் ஒரு பங்களவே இரப்பர். எஞ்சியது பெரும்பாலும் நீர். அது உறைந்துபோகாமல் இருக்க அமோனியா சேர்த்து, விரைவாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டுப் பிரித்து, இரப்பரின் பங்கு ஏறக்குறைய 60 விழுக்காடாகும் வரை செறிவாக்குகின்றனர். இவ்வாறு செறிவாக்கிய பாலில் கந்தகமும் வேறு சில வேதிப்பொருள்களும் கலந்து, குழல் வடிவக் கண்ணாடி அச்சுகளை அதில் தோய்த்து எடுத்து, உலர்த்தி, வெப்பத்தில் பதப்படுத்தினால் ஆணுறை உருவாகிறது. கந்தகமும் வெப்பமும் சேர்ந்து இரப்பருக்கு நீட்சியையும் உறுதியையும் தரும் இச்செயல் வல்கனைசேஷன் எனப்படும். பின்னர் ஒவ்வோர் உறையும் மின்சோதனைக்கு உள்ளாகிறது. நுண்ணிய துளை இருந்தாலும் மின்னோட்டம் காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரிகளை எடுத்து 300 மில்லிலிட்டர் நீர் நிரப்பிக் கசிவு பார்ப்பதும், வெடிக்கும்வரை காற்றூதிப் பார்ப்பதும் உண்டு. நடுத்தர அகலமுள்ள உறை 18 லிட்டர் காற்றையேனும் தாங்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தர விதி. மலேசியாவில் ஆணுறை மருத்துவக் கருவியாக வகைப்படுத்தப்பட்டு, 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டத்தின்கீழ் வருகிறது.

எண்ணிக்கை அளவில் உலகின் மிகப் பெரிய ஆணுறை உற்பத்தி நிறுவனமாகிய கேரெக்ஸ், மலேசிய நிறுவனமே. 1988ஆம் ஆண்டு ஜொகூரில் தொடங்கிய அந்நிறுவனம் உலகில் விற்பனையாகும் ஆணுறைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைச் செய்வதாகக் கணக்கிடப்படுகிறது. 2020 மார்ச்சில் கோவிட் பெருந்தொற்றுக்கால நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் அதன் ஆலைகள் சில நாள் மூடப்பட்டபோது உலகெங்கும் தட்டுப்பாடு வருமோ என்னும் அச்சம் எழுந்தது. உலகுக்கே ஆணுறை வழங்கும் ஒரு நாட்டில், அதற்கு வேண்டிய பாலைத் தலைமுறை தலைமுறையாக வடித்துக்கொடுத்த மக்களின் வீடுகளில் அப்பொருள் பேசாப் பொருளாகவே நின்றுவிட்டது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது.

கருத்தடை மலாயாவுக்கு வந்த வழி

தமிழர் பொதுவாழ்வில் கருத்தடைச் சிந்தனை அரசுத் திட்டங்களுக்கு முன்பே இடம்பெற்றுவிட்டது. 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்ட பெரியார் ஈ.வெ.ரா., அக்காலத்திலேயே கருத்தடையை வலியுறுத்தியவர். மற்றவர்கள் நாட்டின் பொருளாதாரத்தையும் தாயின் உடல்நலத்தையும் காரணமாகக் காட்டியபோது, பெண் தன் வாழ்வைத் தானே நடத்திக்கொள்ளும் உரிமையை அவர் முதன்மைக் காரணமாக முன்வைத்தார். அவருடைய ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் கருத்தடைக்கென்றே ஓர் இயல் உண்டு. சீர்திருத்தச் சங்கங்கள் பேராக்கின் தோட்டங்களிலும் நகரங்களிலும் வேரூன்றிச் சாதி மறுப்பையும் கைம்பெண் மறுமணத்தையும் பேசின. ஆனால் கணவன் மனைவி இருவரும் கருத்தடையைப் பற்றிக் கலந்து பேசும் வழக்கம் அந்த வேகத்தில் பரவவில்லை.

1950களில் சிலாங்கூர், பேராக் உள்ளிட்ட மாநிலங்களில் தன்னார்வக் குடும்பத்திட்டச் சங்கங்கள் தோன்றி, 1958ஆம் ஆண்டு கூட்டமைப்பாக இணைந்தன. 1966ஆம் ஆண்டு குடும்பத்திட்டச் சட்டம் நிறைவேறித் தேசியக் குடும்பத்திட்ட வாரியம் அமைந்தது. அதுவே 1984இல் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறியது. வாரியத்தின் பணி முதலில் நகரங்களிலும், பிறகு சிற்றூர்கள், தோட்டங்கள், நிலக் குடியேற்றத் திட்டங்கள் ஆகியவற்றிலும் கட்டங்கட்டமாக விரிந்தது. 1984இல் மலேசியாவின் மக்கள்தொகை 7 கோடியாக வளர வேண்டும் என்னும் கொள்கை அறிவிக்கப்பட்டபின், பிறப்பைக் குறைத்தல் என்னும் நோக்கம் பின்னுக்குச் சென்று, பேறுகளுக்கு இடையே இடைவெளி, குடும்ப நலம் என்னும் நோக்கங்கள் முன்னுக்கு வந்தன.

வாரியம் ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் மக்கள்தொகை, குடும்ப ஆய்வு இவ்வரலாற்றின் முதன்மைச் சான்று. 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் ஏதேனும் ஒரு கருத்தடை முறையைக் கையாள்வோரின் பங்கு 1974இல் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேலாக இருந்து, 1984இல் ஏறக்குறையப் பாதியாயிற்று. அதன்பின் முப்பது ஆண்டுகளாக அது அசையவே இல்லை எனலாம். 2014ஆம் ஆண்டு ஆய்வில் அது 52 விழுக்காடு. மாத்திரை, ஊசி, உறை, கருப்பை வளையம், அறுவை ஆகிய நவீன முறைகளைக் கையாள்வோர் 34 விழுக்காடு மட்டுமே. எஞ்சியோர் இடைவிலகல், நாள் கணக்கு, மூலிகை ஆகிய பழைய வழிகளை நம்புகின்றனர். இந்தக் கருத்தடைக் கணக்குகள் பெண்களைக் கேட்டுத் திரட்டியவை என்பதால், ஆண்கள் என்ன அறிந்திருக்கிறார்கள், என்ன எண்ணுகிறார்கள் என்பது இவற்றிலிருந்து நேரடியாகத் தெரியாது. ஆணின் கருவியாகிய உறையைப் பற்றிய செய்தியும் மனைவியர் வாய்மொழியாகவே கிடைக்கிறது.

மூன்று சமூகங்கள், மூன்று வழிகள்

இந்த ஆய்வுகளில் ஓர் ஒழுங்கு தொடர்ந்து காணப்படுகிறது. மலாய்ப் பெண்களிடையே மாத்திரையும், சீனரிடையே ஆணுறையும், பெரும்பாலும் தமிழராகிய இந்தியரிடையே பெண்ணுக்குச் செய்யும் கருத்தடை அறுவையும் முதன்மை இடம் பெறுகின்றன. கருமுட்டை செல்லும் குழாயைக் கட்டி மூடும் இந்த அறுவையே குடும்பக்கட்டுப்பாடு என்றும் ஆபரேஷன் என்றும் பேச்சு வழக்கில் வழங்குகிறது.

மலாய் முஸ்லிம்களிடையே நிரந்தர அறுவை கூடாது என்பதும், கணவன் மனைவி இருவரின் இசைவுடன் பேறுகளுக்கு இடைவெளி விடுவது ஏற்கத்தக்கது என்பதும் சமய அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. இடைவிலகலை அனுமதிக்கும் கருத்து இமாம் கஸ்ஸாலியின் எழுத்துகளிலேயே உண்டு. ஆகவே ஆணுறைக்குச் சமயம் தடையாக நிற்கவில்லை. இருப்பினும் அரசு தாய்சேய் நல நிலையங்களுக்குச் செல்வோர் பெண்களாக இருப்பதால், அவர்கள் கைக்கு எளிதில் கிடைப்பது மாத்திரையும் ஊசியுமே. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்க நகரங்களிலும் புதுக்கிராமங்களிலும் வாழ்ந்த சீனரோ, மருந்துக்கடையை எளிதில் அணுகக்கூடிய நகர வாழ்வினர். மருத்துவரையோ தாதியையோ கேட்க வேண்டாத, கடையில் காசு கொடுத்து வாங்கத்தக்க பொருள் என்பதால் ஆணுறை அங்கு ஆணின் வழக்கமான கொள்முதல்களுள் ஒன்றாக இடம்பெறுவது எளிதாயிற்று. கத்தோலிக்கருக்கு 1968ஆம் ஆண்டு போப் ஆறாம் பவுல் விடுத்த சுற்றுமடல் செயற்கைக் கருத்தடை அனைத்தையும் விலக்கியது. பேராக்கின் தமிழ்க் கத்தோலிக்கரும் அந்த நெறிக்கு உட்பட்டவர்களே.

இந்து சமயத்தில் இத்தகைய மையத் தடை எதுவும் இல்லை. எனவே தமிழர்கள் ஆணுறையைத் தவிர்த்து அறுவையை நாடியதற்குச் சமயத்தைவிடத் தோட்ட வாழ்வின் அமைப்பே காரணம் என்று கொள்வதற்கு இடமுண்டு. லயத்து வீடு என்பது வரிசையாகக் கட்டிய குடியிருப்பில் ஓர் அறையும் ஒரு முன்பகுதியும் கொண்ட சிறு பகுதி. பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம், குளியலறையும் கழிவறையும் பொதுவானவை, உள்ளே மாமியாரும் வளர்ந்த பிள்ளைகளும். அவ்வீட்டில் ஒரு பெட்டியை எங்கே மறைத்து வைப்பது, பயன்படுத்தியதை எங்கே எறிவது என்பவை விடை காணக் கடினமான கேள்விகள். தோட்டத்து மருந்தகத்தில் டிரஸ்ஸர் எனப்படும் மருத்துவ உதவியாளரிடம் கேட்டால் மாலைக்குள் லயம் முழுதும் செய்தி பரவும். மருத்துவமனையில் மூன்றாவது நான்காவது பேற்றுக்குப் பின் படுத்திருக்கும் தாயிடம் அறுவையைப் பற்றிச் சொன்னால், ஒரு கையொப்பத்தோடு அந்தக் கவலை என்றைக்குமாகத் தீர்ந்துவிடுகிறது; அவள் ஒருமுறை வலியைத் தாங்கினால் போதும், கணவன் எதையும் கற்கவோ மாற்றிக்கொள்ளவோ வேண்டியதில்லை.

இதன் விளைவைப் பிறப்பு விகிதமே காட்டுகிறது. 1950களின் பிற்பாதியில் ஒரு மலாயா இந்தியப் பெண் தன் வாழ்நாளில் சராசரியாக ஏழுக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றாள். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மலேசிய இந்தியரின் அவ்விகிதம் 1.1, சீனருடையது 0.8, மலாய்க்காரருடையது 2.1. இந்தப் பெருமாற்றத்தில் தாமத மணத்துக்கும் கல்விக்கும் பெரும்பங்கு உண்டு என்றாலும், கருத்தடையால் விளைந்த பங்கைத் தமிழ்ச் சமூகத்தில் பெரிதும் சுமந்தவர்கள் பெண்களே.

தாயகத்தோடு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டிலும் இதே சாய்வு உண்டு. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் ஏறக்குறைய 58 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. இந்தியா முழுவதும் ஆணுறையைக் கையாளும் தம்பதியர் பத்தில் ஒருவருக்கும் சற்றுக் குறைவு. 1968இல் ‘நிரோத்’ என்னும் பெயரில் மலிவு விலை ஆணுறையை அரசே நாடெங்கும் விற்கத் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்தபின் உள்ள நிலை இது.

ஆயினும் இச்சாய்வு மாறாத மரபு என்று கருதுவதற்கில்லை. 1950களின் பிற்பாதியில் ஆண்களுக்கான கருத்தடை அறுவையை ஊக்கத்தொகையுடன் முன்னெடுத்த மாநிலம் சென்னை மாநிலமே. விந்துக் குழாயை மூடும் அச்சிறு அறுவையை அக்காலத்தில் தமிழ் ஆண்கள் பெருந்திரளாகச் செய்துகொண்டனர். 1975-77 நெருக்கடி நிலையில் வட மாநிலங்களில் நடந்த கட்டாய அறுவைகளுக்குப் பின்னரே நாடெங்கும் ஆண்கள் பின்வாங்க, சுமை பெண்கள்மேல் சாய்ந்தது. அதுபோலவே, 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவால் கண்டறியப்பட்டபின், தமிழ்நாடு ஆணுறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசக் கற்றுக்கொண்டது. புள்ளிராஜா என்னும் கற்பனை மனிதருக்கு எய்ட்ஸ் வருமா என்று சுவர்தோறும் கேட்ட விளம்பரம், தேநீர்க் கடைகளில் ஆண்கள் தங்களுக்குள் இதைப் பற்றி வாய்விட்டுப் பேச வழிவகுத்தது. தாய்மொழியில், ஆண்கள் கூடும் இடத்தில், அவர்களையே நோக்கிப் பேசினால் அவர்கள் செவிசாய்ப்பார்கள் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

தோட்டம் கலைந்தபின்

1980களிலும் 1990களிலும் பேராக்கின் கித்தாக் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. தோட்டத்து மக்கள் ஈப்போவின் புந்தோங், சிலிபின் முதலிய பகுதிகளுக்கும் கம்பார், சுங்கை சிப்புட் போன்ற ஊர்களின் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்தனர். தோட்ட மருந்தகம் மறைந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை மறைந்தது, அவற்றோடு எளிய நலச்செய்திகள் வந்துசேர்ந்த வழிகளும் மறைந்தன. இடைநிலைப் பள்ளிகளில் குடும்ப நலக் கல்வி நுழைந்தது 1989ஆம் ஆண்டுதான். அதற்கு முன்பே பள்ளியை விட்டுத் தோட்ட வேலைக்கோ தொழிற்சாலைக்கோ சென்றவர்கள், இன்று ஐம்பதும் அறுபதும் வயதானவர்கள், இதைப் பற்றி எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

இதே காலத்தில் நோய்ப் பரவலின் முகமும் மாறியது. மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் பதிவாயிற்று. 2002ஆம் ஆண்டில் புதிய தொற்றுகள் ஏறக்குறைய 7,000 என்னும் உச்சத்தைத் தொட்டன. அப்போது பெரும்பாலான தொற்றுகள் போதை ஊசி வழியே பரவின. 2005, 2006ஆம் ஆண்டுகளில் தொடங்கிய மெதடோன் சிகிச்சையும் ஊசி மாற்றுத் திட்டமும் அவ்வழியைப் பெரிதும் அடைத்தன. இன்று ஆண்டுக்கு மூவாயிரம் அளவில் பதிவாகும் புதிய தொற்றுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை உடலுறவு வழியே பரவுகின்றன. பிள்ளை வேண்டாம் என்று முடிவு செய்து அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு அந்த அறுவை நோயிலிருந்து எந்தக் காப்பும் தராது. கருவைப் பற்றிய கவலை தீர்ந்த வீட்டில் உறையைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. கணவன் வெளியூர் வேலையிலிருந்து திரும்பும்போது நோயைக் கொண்டுவந்தால், அதை அறியாமல் ஏற்பவள் அவளே. தமிழ்ச் சமூகம் தேர்ந்த வழியின் மிகப் பெரிய குறை இதுதான்.

அறிவென்பது எது

ஆணுறையைப் பற்றிய அறிவு என்பது அதன் பெயரை அறிவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் நூறு தம்பதியருள் ஏறத்தாழ இருவருக்கே கரு உண்டாகும். சில முறை மறந்தும் சில முறை தவறாகவும் பயன்படுத்தும் நடைமுறை வாழ்வில் அது 13 ஆக உயர்கிறது. இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் அறிவையும் பழக்கத்தையும் பொறுத்தது.

தமிழர் இல்லங்களில் குறிப்பாகச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், வாசலின் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் இரப்பர் உறையைச் சில நிமிடங்களிலேயே வலுவிழக்கச் செய்து கிழித்துவிடும். வழுவழுப்பு வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் நீர் சார்ந்த களிம்பையே பயன்படுத்த வேண்டும். வெயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் இருக்கையின் அடியிலும், உடற்சூட்டில் நசுங்கும் பணப்பையிலும் மாதக்கணக்கில் வைத்த உறை நம்பத்தக்கதன்று. பொட்டலத்தின் மேல் அச்சிட்ட காலாவதி நாளைப் பார்ப்பது, அதைப் பல்லால் கிழிக்காமல் விரலால் பிரிப்பது, உறையின், நுனியை அழுத்திக் காற்றை வெளியேற்றி அணிவது, உறவு முடிந்ததும் அடியைப் பிடித்தபடி விலகுவது, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அணியாமல் இருப்பது, பயன்படுத்தியதைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் இடுவது ஆகிய இவ்வளவே கற்க வேண்டியவை. இரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பாலியூரிதேன் போன்ற செயற்கைப் பொருளால் ஆன உறைகளும் உண்டு. இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுவிடலாம்.

செய்ய வேண்டுவன

பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலேசியாவில் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், ஆலய நிர்வாகங்கள், இளைஞர் மன்றங்கள், தொழிற்சங்கக் கிளைகள் ஆகியவை வளர்ந்த தமிழ் ஆண்கள் கூடும் இடங்கள். ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் அல்லது தாதி ஒருவரை அழைத்து, ஆண்களுக்குத் தனியாகவும் தம்பதியருக்குச் சேர்த்தும் தமிழில் விளக்கம் தர இவ்வமைப்புகளால் இயலும். தாய்சேய் நல நிலையங்கள் பேற்றுக்குப் பின்னான ஆலோசனைக்குக் கணவனையும் அழைத்து, அறுவையைப் பேசும் அதே வேளையில் ஆணுறையையும் ஆண் அறுவையையும் சமமாக எடுத்துரைக்க வேண்டும். மலாய், சீன நண்பர்களின் வழக்கத்திலிருந்தும் தமிழர் கற்கத் தயங்க வேண்டியதில்லை. உறையைக் கடையில் வாங்கும் சீனத் தம்பதியரின் இயல்பும், இருவர் இசைவையும் நிபந்தனையாக்கும் இஸ்லாமிய நெறியும் அவ்வகையில் மதிக்கத்தக்கவை. செம்பனைத் தோட்டங்களில் இன்று பெரும்பான்மையாக உழைக்கும் இந்தோனேசிய, வங்கதேசத் தொழிலாளர்களுக்கும் இவ்வறிவு அவரவர் மொழியில் சேர வேண்டும். ஒரு காலத்தில் தமிழர் நின்ற இடத்தில் இன்று நிற்பவர்கள் அவர்களே.

ஏழு பிள்ளைகளிலிருந்து ஒன்றிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ்க் குடும்பம் வந்துசேர்ந்த வழியில், மாத்திரையின் விளைவுகளையும் அறுவையின் வலியையும் பெண்கள் ஏற்றனர். இனி வரும் தலைமுறையில் அந்தப் பொறுப்பில் பாதியை ஆண்கள் ஏற்பதே நியாயம். இச்சொற்பொழிவைக் கேட்கும், படிக்கும் ஒவ்வொரு தமிழ் ஆணும் இந்த எளிய அறிவை முதலில் தாம் பெற்று, பின்னர்த் தம் மகனுக்கும் தம்பிக்கும் தயங்காமல் சொல்ல வேண்டும் என்பதே இதன் வேண்டுகோள்.